கேமுக்கு ஏற்ற பிஸ்டன், வெயிலுக்கு ஏற்ற எஞ்சின்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் அருப்புக்கோட்டையைத் தாண்டினால் பந்தல்குடி. சித்திரை மாத மதியத்தில் இந்த வழியாகக் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், எஞ்சின் இங்கே எதைச் சுவாசிக்கிறது என்று. நாற்பது டிகிரியைத் தாண்டும் காற்று. கரிசல் காட்டுப் புழுதி. ராம்கோவின் ஆர்.ஆர். நகர் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கம் உள்ள ஊர் என்பதால் லாரிகளின் பின்னால் பறக்கும் வெள்ளைத் தூசி வேறு. வேகமான எஞ்சின் கட்டும் கலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பந்தயக் களத்துக்கு முன்னால் இந்தச் சாலைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. எஞ்சினுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

இந்தப் பக்கத்துப் பையன்கள் பலருக்குப் பழைய மாருதி எஸ்டீம், ஜென், முதல் தலைமுறை ஸ்விஃப்ட் ஆகியவற்றின் மீது தீராத ஆசை. எடை குறைவு, சுற்று ஏறும் எஞ்சின், எங்கும் கிடைக்கும் உதிரிபாகம். சேர்த்துவைத்த பணத்தில் ஒவ்வொன்றாகச் சாமான் வருகிறது. ஒரு மாதம் கேம்ஷாஃப்ட், அடுத்த மாதம் ஃபோர்ஜ்டு பிஸ்டன், தீபாவளி போனஸில் பெரிய த்ராட்டில். எல்லாம் சேர்ந்ததும் அட்டைப்பெட்டிகளோடு மெக்கானிக்கிடம் போய் நிற்கிறார்கள். அருப்புக்கோட்டைப் பட்டறை ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இது.

“எல்லாமே ஒரிஜினல் ரேஸிங் சாமான்ணே. மாட்டிக் குடுத்தாப் போதும்.”

“சாமான் ஒவ்வொண்ணும் தங்கமாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஒண்ணைக் கேட்டு இன்னொண்ணை வாங்கலியே. இந்தக் கேமுக்கு இந்தப் பிஸ்டன் சேராது. இந்தக் கேம் தூக்குற தூக்குக்குப் பழைய ஸ்பிரிங்கு நசுங்கி அடைச்சுக்கிரும். மாட்டித் தந்துருவேன், எத்தனை நாளைக்கு ஓடும்னு மட்டும் என்னையக் கேக்காத.”

அந்த மெக்கானிக் சொன்னது முழு உண்மை. பாவு நூல் ஒரு நம்பர், ஊடை நூல் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு நம்பர் என்று தறியில் ஏற்றினால் சேலை எப்படி வரும் என்று நெசவு ஊரான அருப்புக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டும் உயர்ந்த நூலாக இருக்கலாம், துணி நிற்காது. எஞ்சினும் அப்படித்தான். கடையில் கிடைப்பதிலேயே உயர்ந்த பாகங்களை வாங்கிச் சேர்த்த எஞ்சின், கம்பெனி கொடுத்த சாதாரண எஞ்சினிடம் தோற்றுப்போவது வழக்கமாக நடக்கிற காரியம். அதற்கான காரணத்தைக் கணக்கோடு பார்த்துவிடலாம்.

கேமும் கம்ப்ரஷனும்

எடுத்துக்காட்டுக்கு எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம், அதாவது போர், 74 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 75.5 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 325 சி.சி. வீதம் நான்குக்கும் 1,298 சி.சி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே மிஞ்சும் சிறு அறைதான் எரியும் அறை. கீழே நிற்கும்போது உள்ள மொத்தக் கொள்ளளவை அந்தச் சிறு அறையால் வகுத்தால் வருவது கம்ப்ரஷன் விகிதம். 9-க்கு 1 என்றால் எரியும் அறை சுமார் 40.6 சி.சி. இருக்க வேண்டும். 10.5-க்கு 1 என்றால் 34.2 சி.சி. இரண்டுக்கும் வித்தியாசம் ஆறரை சி.சி.கூட இல்லை, ஒரு தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் காகிதத்தில் உள்ள இந்த விகிதம் எஞ்சினுக்குள் அப்படியே நடப்பதில்லை. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டதும் மூடிக்கொள்வதில்லை. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் சிறிது நேரம் திறந்தே இருக்கும். வால்வு மூடிய பிறகுதான் அமுக்கம் தொடங்குகிறது. எப்போது மூடுகிறது என்பதைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். சாதாரண கேம், கிராங்க் அடிமட்டத்தைத் தாண்டி 40 டிகிரி சுற்றியதும் வால்வை மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தயக் கேம் 65 டிகிரி வரை திறந்து வைத்திருக்கும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடின் நீளம் 120 மி.மீ. என்று கொண்டு கணக்குப் போட்டால், முதல் கேமில் ஸ்ட்ரோக்கின் சுமார் 92 சதவீதம் அமுக்கத்துக்குப் பயன்படுகிறது. பந்தயக் கேமில் 78 சதவீதம்தான். மீதி ஏற்றம் முழுவதும் திறந்த கதவை நோக்கிப் போகிறது.

இப்போது நான்கு விதமாகச் சேர்த்துப் பார்க்கலாம். சாதாரண கேம், 9 விகிதம்: உள்ளே உண்மையில் நடக்கும் அமுக்கம் சுமார் 8.3. பந்தயக் கேம், 10.5 விகிதம்: சுமார் 8.4. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே! இரண்டுமே ஒழுங்காக ஓடும் எஞ்சின்கள். ஒன்று ஊருக்குள் போக, இன்னொன்று களத்தில் ஓட. பையன் பிஸ்டனை மட்டும் மாற்றினால்? சாதாரண கேம், 10.5 விகிதம்: அமுக்கம் 9.7-க்குத் தாவுகிறது. பந்தல்குடி வெயிலில் மேடேறும்போது ‘கிணு கிணு’ என்று நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல், கேட்கும். கேமை மட்டும் மாற்றினால்? பந்தயக் கேம், 9 விகிதம்: அமுக்கம் 7.2-க்கு விழுகிறது. சிக்னலில் குலுங்கும், கீழ்ச்சுற்றில் இழுவை இருக்காது, பெட்ரோலைக் குடிக்கும். “கேம் போட்டேன்ணே, வண்டி முன்னைவிட மந்தமாயிருச்சு” என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசிக் கட்டத்தில் விழுந்தவை.

இன்னொரு கண்ணியும் இதில் உண்டு. கம்ப்ரஷனை உயர்த்த எளிய வழி, ஹெட்டை லேத்திலோ மில்லிங்கிலோ கொடுத்து ஃபேஸிங் செய்து சற்றுக் குறைப்பது. மேலே கேம் உள்ள எஞ்சினில் ஹெட்டைக் குறைத்தால் கிராங்குக்கும் கேமுக்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. டைமிங் பெல்ட் அதே நீளம்தான். விளைவாக, கேமின் நேரம் கொஞ்சம் பின்தங்கிப்போகிறது. சரிசெய்யக்கூடிய கேம் புல்லி போட்டால்தான் அதை மீட்க முடியும். அத்தோடு வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிட்டன. பந்தயக் கேமோ வால்வை இன்னும் ஆழமாக இறக்குகிறது. ஆக, ஹெட்டில் எடுத்த அரை மில்லிமீட்டருக்காக புல்லி, வால்வு இடைவெளி, ஸ்பிரிங், இக்னிஷன் டைமிங் என்று நான்கு இடங்களில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளியைப் பார்க்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கணினி எதுவும் வேண்டாம். குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணில் ஒரு துண்டைப் பிஸ்டன் தலையில், வால்வு வந்து அமரும் இடத்தில் அப்பி, மேலே துளி எண்ணெய் தடவுகிறார்கள். பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை வைத்து முறையான முறுக்கத்தில் போல்ட்டை இறுக்கி, பெல்ட் மாட்டி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்கள். எங்காவது தட்டினால் கைக்கே தெரிந்துவிடும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றினால், வால்வு அழுத்திய பள்ளம் களிமண்ணில் அச்சாக நிற்கும். பிளேடால் அதைக் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரில் அளக்கிறார்கள். இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருந்தால் பொதுவாக நிம்மதி. சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கூடுதல் இடம். அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் விட்டவர்களின் எஞ்சினில் வளைந்த வால்வுகளையும், தலையில் பிறை வடிவக் காயம் பட்ட பிஸ்டன்களையும் பார்க்கலாம்.

எடை என்னும் எதிரி

கரிசல் காட்டுக்கு எஞ்சின் புதிதல்ல. மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்றுமேட்டில் ‘டுபு டுபு’ என்று ஓடிய ஆயில் எஞ்சின்தான் இங்கே பலருக்கு முதல் பாடம். லிஸ்டர் வகை எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும். கனமான ஃப்ளைவீல், தடித்த ராடு. லைனர் மாற்றுவது, ரிங் போடுவது, நாசிலைக் கழற்றி ஊதுவது எல்லாம் விவசாயிகளே செய்தார்கள். பிஸ்டன் பத்து இருபது கிராம் கூடக் குறைய இருந்தாலும் அந்த எஞ்சின் மன்னித்துவிடும். அந்த மன்னிக்கும் குணத்தைப் பழகிய கைகளுக்குப் பந்தய எஞ்சின் அதிர்ச்சி தரும்.

காரணம் எளிது. மேலும் கீழும் ஓடும் பாகத்தின் இழுவிசை, சுற்று வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. 650 சுற்றிலிருந்து 7,000 சுற்றுக்குப் போனால் வேகம் பதினோரு மடங்குகூட ஆகவில்லை. ஸ்ட்ரோக் ஒன்றாகவே இருந்தால் விசை 116 மடங்கு. நம் 1.3 லிட்டர் எஞ்சினில் 7,000 சுற்றில் பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 2,500 மடங்குக்கும் மேல். அப்படியென்றால் ஒரு பிஸ்டன் மற்றவற்றைவிட 5 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த 5 கிராம் ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இழுக்கிறது. விநாடிக்கு நூறு தடவைக்கு மேல், ஒரே சிலிண்டரில் மட்டும். கிராங்க் பேரிங் அதைத்தான் சுமக்கிறது.

எனவேதான் பிஸ்டன், பின், ரிங், ராடு ஆகியவற்றைச் செட்டாக எடைபோடுகிறார்கள். தராசு நகைக்கடையில் இருப்பதைப்போல் 0.1 கிராம் காட்ட வேண்டும். ராடை மொத்தமாக நிறுத்தால் போதாது. பெரிய முனை தனியாக, சிறிய முனை தனியாக நிறுக்க வேண்டும், ஏனென்றால் பெரிய முனை சுழல்கிறது, சிறிய முனை ஏறி இறங்குகிறது. இருப்பதிலேயே எடை குறைந்ததை அளவாக வைத்து, மற்றவற்றில் தேய்த்துக் குறைப்பது முறை. தேய்ப்பதும் எங்கு வேண்டுமானாலும் அல்ல. ராடின் உடலில் குறுக்காக விழும் ஒரு கீறல்கூட விரிசலின் தொடக்கமாகிவிடும். இந்த வேலைக்குப் பொருளைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும். விலை உயர்ந்த ஃபோர்ஜ்டு ராடு வாங்க முடியாதவர்கள்கூட, நல்ல நிலையில் உள்ள கம்பெனி ராடுகளை ஒரு கிராமுக்குள் சமன்செய்து, நல்ல ராடு போல்ட்டு மட்டும் புதிதாகப் போட்டுக் கணிசமான பயன் பெறலாம். என் கருத்தில், குறைந்த பணத்தில் எஞ்சினுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மரியாதை அதுதான்.

பிஸ்டனிலேயே ஒரு பொருத்தம் இருக்கிறது. ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இரண்டு அலுமினியக் கலவைகள் பழக்கத்தில் உள்ளன: 4032, 2618. முதலாவதில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். சூட்டில் குறைவாகவே விரியும், சிலிண்டரோடு நெருக்கமாகப் பொருத்தலாம். 2618-இல் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும். அதற்கு இடைவெளி கூடுதலாக விட்டுத்தான் போர் அடிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் அது ‘லொடலொட’ என்று அடிக்கும், சூடானதும் அடங்கும். டர்போ போட்டு அழுத்தி ஓட்டும் எஞ்சினுக்கு 2618 நியாயம். தினமும் பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போய்வரும் காருக்கு 4032 போதும், கம்பெனி வார்ப்புப் பிஸ்டனே பலருக்கும் போதும். எது வாங்கினாலும், பிஸ்டன் கைக்கு வந்து அதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே பிளாக்கைப் போர் அடிக்கக் கொடுக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணை நம்பி முன்கூட்டியே அடித்துவைப்பது பெரிய ஆபத்து.

ரிங்கின் வாய் இடைவெளியும் அப்படியே. சாதாரணமாகக் காற்றை இழுக்கும் எஞ்சினில் போரின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.004 மி.மீ. என்பது பழைய விதி, 74 மி.மீ. போருக்கு 0.30 மி.மீ. டர்போ என்றால் 0.40-க்கு மேல் தேவை. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொள்ளும், பிஸ்டனின் விளிம்பே பெயர்ந்து வரும். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்து, ஒரே முனையில் மட்டும் உள்நோக்கி அரத்தால் இழுத்து, மறுபடி தள்ளிப் பார்த்து... நான்கு சிலிண்டருக்கு எட்டு கம்ப்ரஷன் ரிங். எந்த ரிங் எந்தச் சிலிண்டருக்கு என்று அப்போதே எழுதிவைக்க வேண்டும்.

கோவையில் கற்ற பாடம்

தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு நீண்ட மரபு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வெளியே சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளக் களம் வந்தது. பாகங்களும் நம் மண்ணில்தான் வார்க்கப்பட்டன: செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் பிறந்தது, எஞ்சின் வால்வுக்கு ரானே, மாருதி கார்களின் கார்புரேட்டருக்கு ஜப்பானிய மிக்குனியோடு கைகோத்த யூகால். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய இரும்புக் கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் பொருத்தம் என்ற கருத்தை ஒரு முழுக் காராகவே செய்து காட்டியவர் கோவையின் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர், சோழவரத்தில் ஓட்டியவர், கார்களைத் தானே கட்டியவர். 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. சக்தி குறைவான எஞ்சின் என்று யாரும் முகம் சுளித்திருக்கலாம். கரிவரதனின் கணிப்பு வேறு. எடையை அடியோடு குறைத்து, ஊரெங்கும் கிடைக்கும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அதற்கேற்ற சட்டத்தில் உட்கார வைத்தால், சாதாரண வசதி உள்ள இளைஞனும் பந்தயம் பழகலாம். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார். 2005-இல் ஃபார்முலா 1 களத்தில் நின்ற முதல் இந்தியர் ஆனார். நடிகர் அஜித் குமாரும் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். 1995-இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோவையின் இன்னொரு எடுத்துக்காட்டு அண்மையது. பந்தய வீரரான ஜே. ஆனந்தின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. கார்களைக் கொண்டுவந்தது. டர்போ பொருத்திய 1.2 லிட்டர் எஞ்சின்; 114 குதிரைசக்தி, 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சாதாரண டியாகோவில் அப்போது 85 குதிரைசக்திதான். கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே எஞ்சின் குடும்பம் டாடாவின் நெக்ஸானில் 170 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. சிறிய காரில் குதிரைசக்தியை ஏற்றியவர்கள், முறுக்குவிசையை மட்டும் 150-இல் நிறுத்தினார்கள். சஸ்பென்ஷன், டயர், கியர் விகிதம் எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்தார்கள். கிடைக்கிற உச்சத்தை எடுக்காமல், மற்ற பாகங்களோடு சேர்ந்து நிற்கும் அளவில் நிறுத்துவது முதிர்ந்த கை செய்யும் வேலை. அந்த வரிசை 2020-க்குப் பிறகு தொடரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கியரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பையன்கள் கடைசியாக நினைப்பது அதைத்தான். இரண்டாம் கியர் 1.89, மூன்றாம் கியர் 1.28 என்று இருக்கும் பெட்டியில் 7,000 சுற்றில் கியர் மாற்றினால் சுற்று 4,700 அளவுக்கு விழும். போட்ட கேம் 5,200-க்கு மேல்தான் விழிக்கும் என்றால், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் எஞ்சின் தூங்கி எழ வேண்டும். கொஞ்சம் சாந்தமான கேம் போட்ட கார் அதைத் தாண்டிப் போய்விடும்.

வெயிலும் பெட்ரோலும் புழுதியும்

எஞ்சினைக் குறித்த புத்தகங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள எண்களை அப்படியே நம் ஊருக்கு எடுத்துவரக் கூடாது. 25 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 42 டிகிரிக் காற்று 5 சதவீதத்துக்கு மேல் லேசானது. அந்த அளவு சக்தி வாசலிலேயே போய்விட்டது. போன சக்தி பெரிய விஷயமில்லை. சூடான காற்று நாக்கிங்கை இழுத்துவரும் என்பதுதான் விஷயம். பானெட்டுக்குள் கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தவெளியில் மாட்டி, ரேடியேட்டரின் அனல் காற்றையே எஞ்சினுக்கு ஊட்டுகிறவர்கள் எத்தனை பேர்! கம்பெனிக்காரன் முன் கிரில்லுக்குப் பக்கத்திலிருந்து குழாய் இழுத்து, பெட்டிக்குள் காகித ஃபில்டர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

புழுதியும் சேர்ந்துகொள்கிறது. சுண்ணாம்புத் தூசி மென்மையானது. சாலையோர மணலில் உள்ள குவார்ட்ஸ் அப்படி இல்லை. வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிடக் கடினம். அகலக் கண் வைத்த ஃபில்டர் வழியாக உள்ளே போகும் குவார்ட்ஸ் துகள், எண்ணெயோடு கலந்து ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே அரைக்கும் பசையாகிவிடுகிறது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் போர் அடித்து, ஹோனிங் போட்டு, ரிங் தேய்த்த உழைப்பு ஒரு கோடைக்குள் கரைந்துபோகும். பந்தல்குடியில் எஞ்சின் கட்டுகிறவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல ஃபில்டர் பெட்டிதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து பெட்ரோல். பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைந்தது 91. பெரிய ஊர்களில் 95, 100 கிடைக்கிறது. நள்ளிரவில் எட்டயபுரம் சாலையில் டாங்க் காலியானால் எது கிடைக்கும் என்பதை வைத்துத்தான் கம்ப்ரஷனைத் தீர்மானிக்க வேண்டும். 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும். ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சியும் தரும். அந்த வகையில் அது பந்தய எஞ்சினுக்கு நண்பன். ஆனால் எத்தனால் இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதே காற்றுக்கு ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய ஜெட் அளவில் நிற்கும் கார்புரேட்டரும், எல்லையைத் தொட்டு ஓடும் இன்ஜெக்டரும் அதைக் கொடுக்காது. கலவை மெலியும், பிஸ்டன் தலை சூடேறும். பழைய கார்களின் ரப்பர்க் குழாய், சீல், ஓரிங் ஆகியவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்ற வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வாங்கும் வரிசையே தலைகீழாகிவிடுகிறது. முதலில் கார் எங்கே, எந்த பெட்ரோலில், எந்தச் சுற்றில் ஓடப்போகிறது என்பது. அதற்கேற்ற கேம். கேமுக்கேற்ற கம்ப்ரஷன், கம்ப்ரஷனுக்கேற்ற பிஸ்டன், ஹெட் வேலை. கேம் வால்வைத் தூக்கும் அளவுக்கேற்ற ஸ்பிரிங். ஸ்பிரிங் வலுக் குறைந்தால் உச்சச் சுற்றில் வால்வு மிதக்கும். தேவைக்கு மேல் கடினமாக இருந்தால் கேமின் மூக்கையே தின்றுவிடும். பிறகு எக்ஸாஸ்ட், த்ராட்டில், இன்ஜெக்டர், கியர். பேரிங் இடைவெளி எவ்வளவு வைக்கிறோமோ அதற்கேற்ற எண்ணெய். பேரிங்கில் சுழலும் 45 மி.மீ. கிராங்க் ஜர்னலுக்கு 0.045 மி.மீ. என்பது நடைமுறை அளவு. அதற்கு மேல் விட்டவர்கள் தடித்த எண்ணெய்க்குப் போக வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் முதலில் வாங்கும் எக்ஸாஸ்டும் ஃபில்டரும் இந்த வரிசையில் பின்னால் வருகின்றன.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிவான வாகனத்தைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாகத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 189-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பந்தல்குடிச் சாலையில் ஆடு குறுக்கே வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். இப்படிக் கட்டிய எஞ்சினை ஓட்ட வேண்டிய இடம் இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும்தான்.

விருதுநகர் மாவட்டத்துப் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அங்கே போக ஒரு நேர்வழி இருக்கிறது. கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய காரோடு வருகிறார்கள். பெரும்பாலும் பைக் எஞ்சின்தான், 710 சி.சி. வரை அனுமதி. ஆனால் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. கணக்குப்படி விநாடிக்கு சுமார் 74 கிராம் காற்றுக்கு மேல் அந்தத் துளை விடாது, பின்னால் எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தாலும். உச்சச் சுற்றுக்காக வடித்த பைக் கேம் அங்கே வீணாகிறது. கேம், இன்டேக் குழாயின் நீளம், கம்ப்ரஷன், கியர் என எல்லாவற்றையும் அந்த 20 மில்லிமீட்டருக்காக மாணவர்கள் மறுபடி உட்கார்ந்து பொருத்துகிறார்கள். அருப்புக்கோட்டை, கோவில்பட்டி பட்டறைகளில் போர் அடிக்கும் கைகளும், களிமண் வைத்து அளக்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். கல்லூரிகள் இவர்களை வகுப்பறைக்கு அழைத்து, ஒரு போர் கேஜும் ஒரு ஸ்பிரிங் டெஸ்டரும் வாங்கிக் கொடுத்தால், செட்டிபாளையத்துக்குப் புறப்படும் அடுத்த கார் இந்தக் கரிசல் மண்ணிலிருந்தே கிளம்பலாம்.